அடுப்பில் எரியும் முந்திரி ஓடு

அரியலூர் மாவட்டத்தில் ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், செந்துறை வட்டாரங்களின் செம்மண் மேட்டு நிலங்களில் முந்திரி முக்கியமான பயிராகும். பொறுக்கிய கொட்டை 80 கிலோ மூட்டைகளாகக் கட்டப்பட்டு வியாபாரிகளிடம் போகிறது. அதில் ஏராளமானது பண்ருட்டிப் பக்கம் சென்று உடைபடுகிறது. வியாபாரி விலை பேசும்போது நாலு கொட்டையை அறுத்துப் பார்த்து, பருப்பு எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுகிறார். ஓட்டைப் பற்றி அங்கே பேச்சே எழுவதில்லை.

ஒரு மூட்டையை உடைத்தால் 20 முதல் 23 கிலோ வரை பருப்பு கிடைக்கும். பருப்பின் மேல்தோலும் ஈரமும் போக, ஏறத்தாழ 55 கிலோ ஓடு மிஞ்சும். விவசாயி விற்கும் சரக்கில் மூன்றில் இரண்டு பங்கு ஓடுதான். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1991ல் வெளிவந்த வி.ஆர்.ஐ.3 ரகத்தில் பருப்பு ஏறத்தாழ 29 சதவீதம் தேறுகிறது. அந்த உயர்ந்த ரகத்திலும் பெரும் எடை ஓட்டினுடையதே. இந்த ஓடு பல இடங்களில் வறுவல் அடுப்பிலும் செங்கல் சூளையிலும் எரிகிறது. எரியும்போது வரும் கரும்புகை, ஓட்டிலுள்ள எண்ணெய் வீணாகப் போவதற்கு அடையாளமாகும்.

இந்த எண்ணெய் வெறும் எரிபொருள் அன்று. பலகையும் பிரேக் கட்டையும் பெயிண்டும் செய்யப் பயன்படும் ஒரு பிசினுக்கு மூலப்பொருள். இதே மாவட்டங்களில் வரப்பில் நிற்கும் கற்றாழை, கொள்ளிடக் கரை வாழை, பெரம்பலூர்க் கரிசலில் விளையும் பருத்தியின் காய்ந்த மார் ஆகியவை அந்தப் பிசினோடு சேரக்கூடிய நார்ப் பொருள்கள். பிசினும் நாரும் சேர்ந்தால் என்ன ஆகும், அதில் சிறு விவசாயிக்கு எந்த அளவு பங்கு உண்டு, எந்த இடத்தில் அவர் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்பதை விவசாயிகள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

முறம் காட்டும் பாடம்

நாரும் பிசினும் சேர்ந்த கூட்டுப் பொருள் என்பது கிராமத்துக்குப் புதிதல்ல. புது முறம் வாங்கியதும் பழைய காகிதத்தையும் வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்து அதன் மேல் மெழுகிக் காயவைப்பார்கள். மூங்கில் பிளாச்சு வலுவைத் தருகிறது. வெந்தயத்தின் பசை காகிதக் கூழைப் பிடித்து இடுக்குகளை அடைக்கிறது. மூங்கில் மட்டும் இருந்தால் மாவு ஒழுகும். பசை மட்டும் இருந்தால் காய்ந்ததும் நொறுங்கிவிடும். மண் சுவருக்கு வைக்கோல் மிதித்துச் சேர்ப்பதும் இதே தத்துவம்தான். இழுக்கும் விசையை நார் தாங்குகிறது. நார் நாலா பக்கமும் விலகிப் போகாமல் பசை கட்டிப் பிடிக்கிறது.

வெந்தயப் பசையின் குறை எல்லோரும் அறிந்ததே. மழையில் நனைந்தால் முறம் ஊறிக் குழைந்துவிடும். கருவேலம் பிசினும் அப்படியே, தண்ணீரில் கரைந்துவிடும். பலகைக்கு வேண்டியது தண்ணீரிலும் கரையாமல், சூட்டிலும் மறுபடி இளகாமல் இருக்கும் பிசின். வெந்த முட்டையை மீண்டும் பச்சை முட்டையாக்க முடியாது அல்லவா? அதுபோல ஒருமுறை சூட்டில் இறுகினால் இறுகியதுதான் என்ற குணம் அதற்கு வேண்டும். அந்தக் குணமுள்ள பிசினை முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து செய்யமுடியும்.

ஓட்டுக்குள் இருப்பது என்ன?

முந்திரிக் கொட்டையின் வெளி ஓட்டுக்கும் உள் ஓட்டுக்கும் நடுவே தேன்கூடு போன்ற அறைகள் உள்ளன. அவற்றில் கருஞ்சிவப்பான, கெட்டியான எண்ணெய் நிறைந்திருக்கிறது. வியாபாரத்தில் இதை சி.என்.எஸ்.எல். என்று சொல்வார்கள். ஓட்டின் எடையில் 30 முதல் 35 சதவீதம் வரை இந்த எண்ணெய் உண்டு. கொட்டையை நீராவியில் அவித்து உடைத்தால் எண்ணெய் ஓட்டிலேயே தங்கிவிடும். பிறகு எக்ஸ்பெல்லரில் பிழிந்தால் ஓட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்காவது எண்ணெய் எடுக்கலாம். ஒரு மூட்டைக் கொட்டையின் ஓட்டிலிருந்து 11 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பிழிந்த பின் மிஞ்சும் சக்கையையும் எரிக்கமுடியும். ஆகவே அடுப்புக்கு விறகு போய்விடும் என்று யாரும் அஞ்சவேண்டியதில்லை. மாறாக, டிரம்மில் போட்டு நெருப்பில் வறுக்கும் பழைய முறையில் எண்ணெயின் பெரும்பகுதி எரிந்து போகிறது.

பச்சை எண்ணெயில் பெரும்பங்கு அனகார்டிக் அமிலம். இதைச் சூடாக்கினால் கரியமில வாயு பிரிந்து, கார்டனால் என்ற பொருளாக மாறுகிறது. தொழிற்சாலைகளுக்கு வேண்டியது இந்தக் கார்டனால்தான். நிலக்கரித் தாரிலிருந்தும் பெட்ரோலிய எண்ணெயிலிருந்தும் எடுக்கும் பினால் என்ற இரசாயனத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. பினாலையும் பார்மலினையும் சேர்த்து 1907ல் லியோ பேக்லண்ட் என்ற விஞ்ஞானி உண்டாக்கிய பிளாஸ்டிக்தான் பேக்கலைட். பழைய வீடுகளில் கறுப்பாக இருக்கும் மின்சார சுவிட்சுகள் அதனால் செய்தவை. கார்டனாலும் பார்மலினோடு சேர்ந்து அதேபோல இறுகும். வேறுபாடு என்னவெனில், கார்டனாலுக்கு எண்ணெய்க்கே உரிய நீண்ட வால் ஒன்று இருக்கிறது. 15 கரி அணுக்கள் கோத்த வால் அது. அதனால் இந்தப் பிசின் பேக்கலைட்டைப் போலச் சட்டென்று உடையாது; சற்று வளைந்து கொடுக்கும், தண்ணீரையும் ஓரளவு விலக்கும்.

அமெரிக்காவில் மார்ட்டிமர் ஹார்வி என்பவர் 1920, 1930களில் இந்த எண்ணெயை ஆராய்ந்து பல காப்புரிமைகள் பெற்றார். அதன் பின் மோட்டார் வாகனங்களின் பிரேக் லைனிங்குக்கு இது பெருமளவில் பயன்படலாயிற்று. லாரியின் பிரேக்கில் தேய்ந்து கொண்டிருப்பதில் ஒரு பங்கு முந்திரிக் காட்டிலிருந்து போனதாக இருக்கலாம். இந்த எண்ணெய்க்கு ஐ.எஸ். 840 என்ற இந்தியத் தரக் குறியீடும் உண்டு.

பருத்தியால் ஆன கார்

நாரும் பிசினும் சேர்ந்த பொருள் எவ்வளவு உழைக்கும் என்பதற்குக் கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் கார் நல்ல உதாரணம். இரும்புத் தகடு தட்டுப்பாடாக இருந்த அந்த நாட்டில், பருத்திக் கழிவைப் பினால் பிசினோடு சேர்த்துச் சூட்டில் அழுத்தி, காரின் வெளித்தகடுகளைச் செய்தார்கள். 1957 முதல் 1991 வரை ஸ்விக்காவ் நகரில் ஏறத்தாழ 30 லட்சம் கார்கள் இப்படி வெளிவந்தன. தகடு துருப்பிடிக்கவில்லை. ஆனால் பழைய கார்களைக் கழித்தபோது ஒரு சங்கடம் தெரிந்தது. இரும்பைப்போல உருக்கமுடியவில்லை, மண்ணில் புதைத்தாலும் மக்கவில்லை. இதைப் பின்னால் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். 1990களிலிருந்து ஐரோப்பியக் கார் கம்பெனிகள் கதவின் உட்புறப் பலகைகளுக்கு ஆளி நார், கற்றாழை நார் போன்றவற்றைப் பயன்படுத்தி வருகின்றன. கண்ணாடி நார் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.5 கிராம் எடை. கற்றாழை நார் ஒன்றரை கிராமுக்கும் குறைவு. வண்டியின் எடை குறைந்தால் எண்ணெய்ச் செலவு குறையும் என்பதே அவர்கள் கணக்கு.

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி நெடுநாளாக நடந்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் வட்டார ஆராய்ச்சிக்கூடம் என்று பெயர் பெற்றிருந்த மத்திய அரசு நிலையம் முந்திரி ஓட்டு எண்ணெயின் பிசின்களை ஆராய்ந்தது. போபாலிலிருந்த அதே பெயருள்ள நிலையம் கற்றாழை நாரைச் சேர்த்துக் கதவுப் பலகைகள் செய்துகாட்டியது. பம்பாயில் 1924ல் தொடங்கிய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் பருத்தி மாரிலிருந்து பலகை செய்யும் முறையை வகுத்தது.

எந்த நார்?

வறண்ட வரப்புக்கு ஏற்றது கற்றாழை. ரயில் கற்றாழை என்றும் இதற்குப் பெயர். மூன்றாம் ஆண்டிலிருந்து அடிமடல்களை அறுக்கலாம். எட்டுப் பத்து ஆண்டுகளில் நடுவில் கம்பம் போலப் பூந்தண்டு எழுந்தால் செடியின் ஆயுள் முடிந்தது. மடலின் எடையில் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்குதான் காய்ந்த நார். வேலியில் 100 செடி, செடிக்கு ஆண்டுக்கு 20 மடல், மடல் அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால் 1,000 கிலோ மடலுக்கு 30 முதல் 40 கிலோ நார் வரும். இது ஒரு குடும்பத்தின் பிழைப்புக்குப் போதாது. வேலிக்கு வேலியாக நின்று, மேற்கொண்டு தரும் வரும்படி என்று மட்டுமே இதைக் கருதவேண்டும். பயிர் செய்யும் நிலத்தை இதற்காக ஒதுக்குவது சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது.

மடலை அறுத்தால் காயவிடாமல் ஓரிரு நாளில் நாரை உரித்துவிடவேண்டும். தண்ணீரில் ஊறப்போட்டுத் தட்டியும் எடுக்கலாம். உரிக்கும் எந்திரத்தில் கொடுத்தும் எடுக்கலாம். ஊறப்போடுவதானால் தனிக்குழி வெட்டிக்கொள்ளவேண்டும். மாடு தண்ணீர் குடிக்கும் குட்டையில் போட்டால் தண்ணீர் கெட்டு மீனும் செத்துப் போகும். கற்றாழைச் சாறு உடம்பில் பட்டால் அரிக்கும்.

திருமானூர்ப் பக்கம் கொள்ளிடக் கரையில் தார் வெட்டிய வாழை மரங்கள் வயலிலேயே அழுகுகின்றன. இவற்றிலும் நார் உண்டு. ஆனால் 100 கிலோ மரத்துக்கு ஒரு கிலோ நார் கிடைப்பதே அரிது. மரத்தைத் தூக்கிச் சுமப்பதில் கூலி போய்விடும் என்பதால் எந்திரத்தை வயலோரம் கொண்டு வந்தால்தான் கட்டும். திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அருகிலிருப்பது இப்பகுதி விவசாயிகளுக்கு வசதி.

பருத்தி மார் வேறு வகை. இதில் நீள நார் எடுப்பதில்லை. மாரைச் சிறு சிறு சில்லுகளாக வெட்டிப் பலகை செய்வார்கள். ஏக்கருக்கு ஒரு டன்னை ஒட்டிக் கிடைக்கும். வேப்பந்தட்டை, குன்னம் பகுதிகளில் கடைசி எடுப்பு முடிந்தும் மார் வயலிலேயே நிற்பதைப் பார்க்கலாம். அப்படி விடுவது இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு விருந்து வைப்பதாகும். பறிக்காமல் நின்ற காய்களில் புழு தங்கி அடுத்த போகத்துக்கு வந்துவிடும். ஆகவே பலகைக்கு விலை போனாலும் போகாவிட்டாலும், மாரை வேரோடு பிடுங்கிவிடவேண்டும். ஆனால் பிடுங்கிய மாரைக் காயோடு வீட்டோரம் போர் போட்டு வைத்தால் பயனில்லை, புழுவை வேறிடத்துக்கு மாற்றியதாகவே ஆகும்.

சணப்பையிலும் நல்ல நார் உண்டு. ஆயினும் தழையுரமாக விதைத்த சணப்பையைப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவதே மேல். நார்க் காசுக்கு ஆசைப்பட்டு மண்ணின் சத்தை வெளியே விற்பது சரியான கணக்கு அல்ல.

பலகை ஆவது எப்படி?

நாரின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகு பூச்சு இருக்கிறது. சேம்பிலையில் தண்ணீர் ஒட்டாததுபோல அந்த மெழுகின் மேல் பிசின் ஒட்டாது. அதனால் தொழிற்சாலையில் நாரை நூற்றுக்கு 5 பங்கு காஸ்டிக் சோடா கலந்த நீரில் சில மணி நேரம் ஊறவைத்து அலசுகிறார்கள். மெழுகு நீங்கி நாரின் மேற்பரப்பு சொரசொரப்பாகிறது. பிறகு நாரை உலர்த்தி, பிசினில் தோய்த்தோ பிசினைத் தெளித்தோ படுக்கையாகப் பரப்பி, 150 டிகிரி சூட்டை ஒட்டி ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்துகிறார்கள். சில நிமிடங்களில் பிசின் இறுகிப் பலகை ஆகிவிடும். பருத்திமார்ச் சில்லுக்குப் பிசின் நூற்றுக்கு 10 பங்கு அளவில் போதும். நீள நார் கொண்டு செய்யும் உறுதியான தகடுகளுக்குப் பிசின் அதைவிடப் பல மடங்கு வேண்டும். செலவில் பெரும்பகுதி அந்தப் பிசினுக்கே.

இங்கே விவசாயி கவனிக்கவேண்டியது ஈரம். வெயிலில் நன்றாகக் காய்ந்ததாகத் தோன்றும் நாரிலும் நூற்றுக்கு 10 பங்கு ஈரம் இருக்கும். 150 டிகிரியில் அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் பலகைக்குள் கொப்புளம் கட்டும். அந்தப் பலகை கழிவுக்குத்தான் போகும். ஆகவே வாங்குகிறவர் ஈரத்தைப் பார்த்துத்தான் விலை சொல்வார். எடை கூட்டுவதற்காகத் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் இந்தச் சரக்கில் செல்லாது. நாரைத் தரையில் பரப்பாமல் கொடியில் போட்டு உலர்த்துவதும், சக்கையும் மண்ணும் நீக்கிச் சீப்பால் வாரி ஒரே நீளமாகக் கட்டுவதும், மழைக்காலத்தில் பரண்மேல் வைப்பதும் விலையைக் கூட்டும் வேலைகள். காசு செலவில்லாதவையும் இவைதான்.

இந்தப் பலகையைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாப் புகழையும் அப்படியே நம்பவேண்டியதில்லை. முழுக்க முழுக்கத் தாவரப் பொருள் என்று விளம்பரம் செய்வதுண்டு. ஆனால் பிசினை இறுக்கும் பார்மலின் செடியிலிருந்து வருவதல்ல, பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருவது. மூச்சுக்கு ஆகாததும்கூட. கார்டனால் பிசின் கரும்பழுப்பு நிறமாக இருப்பதால் வெள்ளைப் பலகை செய்ய உதவாது. தனிக் கார்டனால் மெதுவாக இறுகும். அதனால் ஓரளவு பினாலையும் கலப்பதுண்டு. நார் எவ்வளவு பிசின் குடித்தாலும் ஓரங்களில் தண்ணீர் ஏறும் என்பதால் திறந்த வெளியில் மழை படும் இடத்துக்கு ஓரத்தை நன்றாகப் பூசி அடைக்காமல் போடக்கூடாது. உள்கதவு, தடுப்பு, அலமாரி முதுகு, பேக்கிங் பெட்டி ஆகியவற்றுக்கு ஏற்றது. உழைத்து முடிந்த பின் குப்பைக்குழியில் மக்கி உரமாகும் என்பதும் சரியல்ல. டிராபன்ட் காரின் கதைதான் இதற்கும்.

விவசாயிக்கு எது, எது ஆகாது?

ஹைட்ராலிக் பிரஸ், கொதிகலன், பிசின் சமைக்கும் கலம், பார்மலின் வைக்க உரிமம் என்று பலகைத் தொழிற்சாலைக்குப் பெரும் முதல் வேண்டும். இது கொல்லைப்புறத்தில் செய்யும் தொழில் அல்ல. சிறு எந்திரம் ஒன்றை விற்று, "செய்து கொடுங்கள், நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று யாராவது வந்தால் தயங்கவேண்டும். ஈமு கோழி வளர்ப்பில் அப்படிப்பட்ட வாக்கை நம்பிப் பணம் போட்ட கொங்கு நாட்டு விவசாயிகள் 2012ல் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். நாற்று விற்பதில்தான் லாபம் என்றிருப்பவர், நாரை வாங்க வரமாட்டார். கற்றாழைக் கன்று வாங்கும் முன், நாரை வாங்கும் ஆலை எங்கே இருக்கிறது, இதுவரை யாரிடம் என்ன விலைக்கு வாங்கியது என்பதை நேரில் போய்ப் பார்த்துவிடவேண்டும். வண்டி வாடகையையும் கணக்கில் சேர்க்கவேண்டும். நாரும் மாரும் எடை குறைந்து இடத்தை அடைக்கும் சரக்கு. தூரம் போனால் வாடகையே லாபத்தைத் தின்றுவிடும்.

விவசாயிக்கு உடனே பயன் தரக்கூடியது ஓடுதான். எண்ணெய்க்கு ஏற்கெனவே சந்தை இருக்கிறது, புதிதாக உண்டாக்கவேண்டியதில்லை. ஆனால் கொட்டையாக விற்றுவிட்டால் ஓடும் சேர்ந்தே போய்விடுகிறது. நாலைந்து ஊர் விவசாயிகள் உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்து ஒரு பகுதிக் கொட்டையையாவது அவித்து உடைத்தால் ஓடு அவர்கள் கையில் நிற்கும். ஓட்டை மொத்தமாகச் சேர்த்து எண்ணெய் ஆலைக்கு விலை பேசலாம். தனியாக எக்ஸ்பெல்லர் போடுவது அளவு பெருகிய பின் யோசிக்கவேண்டிய விஷயம். ஓட்டை மழையில் நனையவிடக்கூடாது. வறுத்த ஓட்டையும் அவித்த ஓட்டையும் கலந்து மூட்டை கட்டினால், எண்ணெய் குறைந்த ஓட்டின் விலைதான் மொத்தத்துக்கும் கிடைக்கும். சோழமாதேவியிலும் வாலிகண்டபுரத்திலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் குழு அமைப்பது பற்றி விசாரிக்கலாம்.

கைக்குக் காவல்

முந்திரி, சேங்கொட்டை, மா ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்து போவதையும், மாம்பால் உதட்டைப் புண்ணாக்குவதையும் அறிந்தவர்களுக்கு முந்திரி எண்ணெயின் காரத்தைச் சொல்லவேண்டியதில்லை. கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ ஆமணக்கெண்ணெயோ பூசிக்கொள்கிறார்கள். அது போதாது. கையுறை வாங்கும் செலவை உடைப்புக் கூலிக்கு மேல் தனியாகக் குழுவே ஏற்கவேண்டும். ஓடு சூடாக இருக்கும்போது அள்ளக்கூடாது. வறுக்கும் புகை கண்ணுக்கும் மார்புக்கும் கெடுதல்.

பிழிந்த எண்ணெயை வீட்டில் காய்ச்சிப் பார்க்கும் ஆசை வேண்டாம். சூடேறும்போது கரியமில வாயு பிரிவதால் பால் போலப் பொங்கி வழிந்து நெருப்புப் பிடிக்கும். காய்ச்சாமலே பயன்படுத்த ஒரு வழி உண்டு. கடற்கரை மீனவர் கட்டுமரத்துக்கும் படகுக்கும் இந்த எண்ணெயைப் பூசிவந்தார்கள். அதுபோல வேலிக்கால், பந்தல் கால், கொட்டகை மரம் ஆகியவற்றின் மண்ணில் புதையும் பகுதிக்கு இதைப் பூசினால் கரையானும் உளுப்பும் எளிதில் அண்டாது. மரம் நன்கு காய்ந்திருக்கவேண்டும். நீளக் காம்புள்ள தூரிகையால் இரண்டு முறை பூசவேண்டும். முதல் பூச்சு மரத்தில் ஊறிய பிறகே அடுத்த பூச்சு. கையில் ஒட்டாத அளவுக்குக் காய வெயிலில் பல நாள் ஆகும். அதன் பிறகே காலை நடவேண்டும். மாட்டுத் தொட்டி, தானியக் குதிர், குழந்தைகள் கை படும் திண்ணைத்தூண் ஆகியவற்றுக்கு இதைப் பூசக்கூடாது.